மறைக்காத பெயர்

“சுஹைல் சார், இறந்தவங்க பேரு தேடினா வரக் கூடாது. ஒருத்தர் பேரு மட்டும் வருது,” என்றாள் நிரோஷா. அவர்கள் எழுதிய ரேஷன் கார்டு வெப்சைட் மறுநாள் போர்ட் பிளேயரில் தொடங்கவிருந்தது.

“யாரு?”

“மர்ஜானா. போன மழையில தவறினவங்க. அந்தப் பேரை மட்டும் மறைக்காதேன்னு புரோகிராம்ல யாரோ ஒரு வரி சேர்த்திருக்காங்க.”

சுஹைல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “ஹட்டா தோ. எடுத்துடும்மா.”

அந்த வரியை நீக்கிவிட்டு, அந்தக் குடும்பத்தின் கார்டு எண்ணைப் போட்டுத் தேடினாள். ஒரே பெயர்தான் வந்தது. குடும்பத்தலைவர்: சுஹைல்.

நிரோஷா எழுந்து நின்றுவிட்டாள். “சார்...”

“சைட் ஓடுதான்னு தினமும் காலையில என் கார்டு நம்பரைப் போட்டுத்தான் பார்ப்பேன். அவ பேரும் வரும்,” என்றார். “நாளைக்குப் பார்க்க உன் கார்டு நம்பரைக் கொடும்மா.”