நாற்பது காலடி

தொண்ணூற்றெட்டில் பள்ளிக்கு வந்த ஒரே கம்ப்யூட்டரில் கணக்கையும் புவியியலையும் சேர்த்தே நடத்தினார் ராபின்சன் சார். கடலோரப் பொழியூரிலிருந்து வரும் மாணவி ரெஜிஷா, அவர் சொன்னபடி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீட்டு வாசலிலிருந்து கடல்வரை காலடியால் அளந்து வருவாள்.

ஒரு வருட அளவுகள் திரையில் நேர்கோடாக நின்றன.

"பாத்தியா மக்கா, நாலு வட்டம் அளந்ததும் நாப்பது காலடியாக்கும். கடல் அனங்கவே இல்ல, நின்ன எடத்துலயே நிக்கி. கடல்சுவர் வேணுமான்னு கேட்ட கலெக்டர் ஆபீசுக்கு, வேண்டாம்னு இன்னைக்கு எழுதி அனுப்பியாச்சு."

ரெஜிஷா கோட்டையே பார்த்தாள்.

"சார், கடலுக்கும் வீட்டுக்கும் நாப்பது காலடி வேணும்னு அப்பா சொல்லுவாரு. கொறஞ்சா குடிலப் பிரிச்சுப் பின்னால தள்ளிக் கெட்டுவோம். இந்த வருசம் மூணு வட்டம் கெட்டியாச்சு."

சார் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இனி பின்னால எடம் இல்ல சார். ரோடாக்கும்."