மாற்று கேப்டன்

"முடியாதும்மா" என்றார் முதலாளி, கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த காகிதத்திலிருந்து தலையைக்கூடத் தூக்காமல்.

மேனேஜர் அம்மாவுக்குச் சுருக்கென்றது. கப்பல்களுக்கு ஆள் அனுப்புவது அவள் பொறுப்பு. கம்பெனியின் கப்பல் ஒன்று நாளை சாயங்காலம் துறைமுகத்துக்கு வருகிறது. பன்னிரண்டு மணி நேரம்தான் நிற்கும். கிளம்பிவிட்டால் அடுத்த கரை இருபத்தாறு நாள் கழித்துத்தான். அதன் கேப்டனுடைய மனைவிக்கு வெள்ளிக்கிழமை இருதய ஆபரேஷன். அவர் நாளை இறங்கினால்தான் பக்கத்தில் இருக்க முடியும்.

அவருக்குப் பதிலாகப் போகவேண்டிய கேப்டனோ நேற்று மாடிப்படியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டார்.

"ரெண்டு நாள் கப்பலை நிறுத்தி வைக்கலாமே சார்."

"முப்பதாயிரம் டன் கோதுமைக்கு அந்தப் பக்கம் ஆள் காத்துக்கிட்டிருக்காங்க. முடியாது."

"அப்போ துணை கேப்டன்கிட்ட ஒப்படைச்சுட்டு..."

"அவன் இன்னும் கேப்டன் பரீட்சையே எழுதலை. இருபத்திரண்டு உசுரை அவன் கையில கொடுக்கச் சொல்றியா? மாத்துக்கு ஆள் வராம கேப்டன் இறங்கக் கூடாது. எந்தக் கடலுக்குப் போனாலும் இதுதான் சட்டம்."

ஆபீசில் அவருக்கு நங்கூரம் என்று பட்டப்பெயர். ஒரு முடிவில் இறங்கிவிட்டால் அசைய மாட்டார்.

சும்மா சொல்லக் கூடாது, அந்தப் பிடிவாதம் இல்லையென்றால் இந்தக் கம்பெனியே இல்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு நோட்டு முழுக்கக் கப்பல் படம் போட்டு முட்டை மார்க் வாங்கியவர். தையற்கடை வைத்திருந்த அப்பா காதைத் திருகிப் பார்த்தும் கடல் பைத்தியம் தெளியவில்லை. கப்பலில் துருச் சுரண்டும் வேலையில் சேர்ந்தார். முதல் பரீட்சையில் தோற்றபோது, சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்தபடியே மறுபடி படித்துத் தேறினார். கேப்டனாகிப் பல வருஷம் ஓட்டிவிட்டுக் கரைக்கு வந்தவர், யாரும் சீண்டாத ஒரு கிழட்டுக் கப்பலைக் குத்தகைக்கு எடுத்தார். இன்று ஒன்பது கப்பலுக்கு முதலாளி. வருகிற சனிக்கிழமை கப்பல் முதலாளிகள் சங்கத்தின் தலைவராகப் பதவியேற்கிறார். எட்டு வருஷம் ஆசைப்பட்ட பதவி. புதுக் கோட்டுகூடத் தைத்தாகிவிட்டது.

இவ்வளவு உயரத்தில் இருப்பவருக்கு யாரோ ஒரு பெண்ணின் ஆபரேஷன் எங்கே கண்ணில் படப்போகிறது என்று பொருமிக்கொண்டே மேனேஜர் அம்மா தன் இடத்துக்கு வந்தாள். லீவில் இருப்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள் என்று பதினேழு கேப்டன்களுக்குப் போன் போட்டாள். பதினேழு பேரும் உச்சுக் கொட்டினார்கள். ஒருவர் வீட்டில் பெயின்ட் அடிக்கிறார்கள். ஒருவருக்கு மச்சினன் வீட்டில் விசேஷம். இன்னொருவர் அரை மணி நேரம் பாவம் பாவம் என்று வருத்தப்பட்டுவிட்டு, நாளைக்கு மட்டும் தோதுப்படாது என்றார்.

கப்பலிலிருந்து கேப்டனே கூப்பிட்டார். இவள் மென்று விழுங்கினாள்.

"பரவாயில்லை மேடம். அவ தைரியமாத்தான் இருக்கா. எனக்குத்தான் கையெல்லாம் நடுங்குது."

போனை வைத்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

மத்தியானம் டிரைவர் ஒரு சேதி கொண்டுவந்தார். முதலாளி ஆஸ்பத்திரியில் இருக்கிறாராம். பயப்பட ஒன்றுமில்லை, முழு உடம்புப் பரிசோதனைதான். கண், காது, ரத்தம், இதயத் துடிப்பு என்று ஒன்று விடாமல் பார்க்கிறார்களாம்.

"தன் உடம்புன்னா மட்டும் எவ்வளவு கரிசனம் பார்த்தீங்களா" என்றாள் மேனேஜர் அம்மா. பக்கத்து மேஜைக்காரர் ஆமாம் போட்டார்.

மூன்று மணிக்கு முதலாளியின் காரியதரிசி அதற்கு மேல் ஒன்று சொன்னாள். ஒரு மாதத்துக்கு எல்லா வேலையையும் ரத்து செய்யச் சொல்லிவிட்டாராம். சனிக்கிழமை பதவியேற்பையும் சேர்த்துத்தான். தலைவர் பதவியை வேறு யாருக்காவது கொடுத்துக்கொள்ளுங்கள் என்று சங்கத்துக்குக் கடிதமே போய்விட்டது. டாக்டர் ஏதோ பயமுறுத்தியிருக்க வேண்டும், மனிதர் எங்கேயோ ஓய்வெடுக்கக் கிளம்புகிறார் என்று ஆபீஸ் முடிவு கட்டியது.

மேனேஜர் அம்மாவுக்கு வயிறு எரிந்தது. ஒருவரை நாலு நாள் வீட்டுக்கு விட மனசில்லை, இவருக்கு மட்டும் முப்பது நாள் ஓய்வா? வேலை போனால் போகிறது, நேருக்கு நேர் கேட்டுவிடுவது என்று எழுந்தாள்.

முதலாளியே எதிரில் வந்தார். கையில் ஒரு கவர்.

"மாத்துக்கு ஆள் கிடைச்சாச்சு. பேப்பர் எல்லாம் இதுல இருக்கு. காலையில முதல் விமானத்துல டிக்கெட் போடு. இறங்குறவருக்கும் வீட்டுக்குப் போட்டுடு."

நாக்கு நுனியில் இருந்த சண்டை அப்படியே உள்ளே போய்விட்டது.

"யார் சார் அது? நான் பதினேழு பேர்கிட்ட கேட்டேன், ஒருத்தரும் வரலை."

"இவர்கிட்ட நீ கேட்கலை."

"ஆள் எப்படி சார்?"

"கொஞ்சம் வயசானவர். கடலுக்குப் போய்ப் பதிமூணு வருஷமாச்சு. சிடுமூஞ்சின்னும் சொல்லுவாங்க. ஆனா லைசென்ஸ் காலாவதி ஆகலை. சமாளிச்சுடுவார்."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று லிஃப்டைப் பார்த்து நடந்தார்.

யார் பெற்ற பிள்ளையோ, நன்றாக இருக்கட்டும் என்று மனசார வாழ்த்திக்கொண்டே மேனேஜர் அம்மா கவரைப் பிரித்தாள்.

கேப்டன் லைசென்ஸில் ஒட்டியிருந்த போட்டோவில், நங்கூரம் அவளை முறைத்துக்கொண்டிருந்தார்.