சேர்ந்து வரும் புள்ளிகள்

கண்காணிப்பு அறைத் திரையில் நிலக்கரிச் சுரங்கம் கிளைவிட்ட கோடாகக் கிடக்கிறது. தொழிலாளியின் தலைவிளக்கில் பதித்த அடையாள வில்லை வழியிலுள்ள கருவியைக் கடக்கும்போதெல்லாம் ஒரு பச்சைப் புள்ளி தாவுகிறது. திரைமுன் வேலையிலிருக்கும் ரூய்ஃபென்னின் புருஷன் குவோலியாங்கின் புள்ளி மட்டும் ஏழாம் கருவியடியில் வெகுநேரமாய் அசையவில்லை. உள்ளே போன் அடித்தும் எடுப்பாரில்லை. "தூங்குறான் தங்கச்சி. அவன் குறட்டைக்கே கூரை இடியும்" என்கிறார் பக்கத்து நாற்காலி மெங், சூரியகாந்தி விதையைக் கொறித்தபடி. "வாயக் கழுவுங்கண்ணே. இங்க பேசுற பேச்சா இது?" அவள் நகத்தால் திரையைத் தட்டுகிறாள், அவனை எழுப்புவதுபோல. புள்ளி நகர்கிறது. கூடவே இன்னொரு புள்ளியும் ஒட்டிக்கொண்டு ஆறு, ஐந்து என்று வாசலை நோக்கி வருகிறது. மெங் கொறிப்பதை நிறுத்துகிறார். அவன் நடந்து வருகிறானா, ஒருத்தன் முதுகில் வருகிறானா, இல்லை அவன் விளக்கு மட்டும் எவன் கையிலாவது வருகிறதா, திரை சொல்லாது. ஆட்களைத் தூக்கிவரும் கூண்டு மேலேறும் மணி ஒலிக்கிறது. இதுவரை நாற்காலியில் இருப்புக்கொள்ளாதவளுக்கு, எழுந்து போகக் கால் வரவில்லை.