அரைக் கிலோ மணல்

"இன்னும் ஒரு அரைக் கிலோ போடுங்க, மாஸ்டர்."

ஜிம் மாஸ்டருக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போல இருந்தது. "அரைக் கிலோவா? இதென்ன காய்கறிக் கடையா? ஏத்தினா அஞ்சு கிலோ ஏத்து. இல்லேன்னா சும்மா இரு."

"அரைக் கிலோ போதும். இதோட நாப்பத்தாறு ஆயிடும்."

கேட்டவர் ஒரு தையல்காரர். ஜிம்மில் அவருக்குப் பெயர் கத்திரி. தொழிலுக்காக வைத்த பெயரில்லை. முதல் நாள் அரை டவுசரில் வந்து நின்றபோது, அந்த ஒல்லிக் கால்களைப் பார்த்து, அங்கே பயிற்சிக்கு வரும் ஒரு லாரி டிரைவர் வைத்த பெயர்.

மற்றவர்களெல்லாம் கண்ணாடி முன்னால் கையை மடக்கி மடக்கி அழகு பார்ப்பார்கள். கால் பயிற்சி என்றால் மட்டும் ஆளுக்கொரு சாக்கு சொல்லி நழுவுவார்கள். கத்திரி அதற்கு நேர் எதிர். கால் பயிற்சியைத் தவிர எதையும் தொடமாட்டார். தானே தைத்த கான்வாஸ் பையில் மணலை நிரப்பி, முதுகில் சுமந்துகொண்டு ஜிம் கட்டிடத்தின் நாலு மாடியும் ஏறுவார், இறங்குவார், மறுபடி ஏறுவார்.

வாரம் பிறந்தால் அரைக் கிலோ கூட்டுவார். சில வாரம், "இந்த வாரம் ஏறல, மாஸ்டர்" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து, பழைய எடையோடேயே ஏறுவார். ஏற்றுவதும் ஏற்றாததும் இவர் கையில்தானே இருக்கிறது, இதற்கு ஏன் இப்படி ஒரு முகம் என்று மாஸ்டருக்குப் புரிந்ததே இல்லை.

"எதுக்குத்தான்யா இந்தப் பாடு?" என்றார் லாரி டிரைவர்.

"வெள்ளிக்கிழமை எங்க கட்டிடத்துல நாலு மாடி ஏறணும்ணே. லிஃப்ட் கிடையாது. படி குறுகல், ஒரு ஆள்தான் ஏற முடியும். நடுவுல இறக்கி வைக்கவும் கூடாது."

"ஓ, பந்தயமா?"

கத்திரி கொஞ்சம் யோசித்தார். "பந்தயம்னே வெச்சுக்குங்களேன்."

"தோத்துட்டா?"

"தோக்க முடியாதுண்ணே" என்று பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார் கத்திரி.

மாஸ்டருக்கு இன்னொரு சந்தேகமும் ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருந்தது. புரோட்டீன் பவுடர். கத்திரி அதை டப்பா டப்பாவாக வாங்கிப் போகிறார். ஆனால் கன்னம் ஒட்டியது ஒட்டியபடியே இருக்கிறது. அதிலும் முதல் டப்பாவைத் திறந்த பிறகு திருப்பிக் கொண்டுவந்து, "சாக்லேட் குமட்டுது, மாஸ்டர். வெனிலா கிடைக்குமா?" என்று கெஞ்சினாரே! திறந்த டப்பாவை எவன் மாற்றித் தருவான்? உனக்கென்ன இவ்வளவு நாக்கு வக்கணை என்று திட்டிவிட்டுத்தான் மாஸ்டர் மாற்றிக் கொடுத்தார். அந்தச் சாக்லேட்டை அவரே குடித்துத் தீர்த்தார்.

அன்று கேட்டே விட்டார். "உண்மையைச் சொல்லு. பவுடரை வெளியில விக்கிறியா?"

கத்திரியின் முகம் சுருங்கிவிட்டது. "சத்தியமா இல்ல, மாஸ்டர். ஒரு ஸ்பூன்கூட வீணாகல."

ஏன்தான் கேட்டோம் என்று ஆகிவிட்டது மாஸ்டருக்கு.

நாற்பத்தாறு கிலோவோடு கத்திரி ஏறத் தொடங்கினார். மூன்றாவது மாடித் திருப்பத்தில் முட்டி மடங்கியது. பை தோளைவிட்டு நழுவி, தொப்பென்று படியில் விழுந்து உருண்டது. பின்னால் வந்த மாஸ்டர் அவரைத் தாங்கிப் பிடித்தார். அடி ஒன்றும் படவில்லை. ஆனாலும் கத்திரி கீழே கிடந்த பையையே வெறித்துப் பார்த்தார்.

"மணல்தானேய்யா! விடு."

"இன்னொரு தரம் ஏறறேன், மாஸ்டர்."

"முட்டி போயிடும். நாளைக்குப் பாத்துக்கலாம்."

"இன்னொரு தரம்."

மாஸ்டர் பையைத் தூக்கி அவர் முதுகில் மாட்டிவிட்டார். "சரி, குதிகாலை ஊனி ஏறு. மூச்சை அடக்காதே" என்று சொல்லி, கூடவே ஏறினார். இந்த முறை பை விழவில்லை.

உச்சிக்கு வந்ததும் மாஸ்டர் அவர் முதுகில் தட்டினார். "வெள்ளிக்கிழமை நானும் வரேன். பந்தயம்னா நடுவர் வேணாமா?"

கத்திரி சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து நீட்டினார். "வாங்க, மாஸ்டர். மேல கதவைத் திறந்து வெச்சுட்டு நில்லுங்க. என் கை ரெண்டும் வேலையா இருக்கும்."

வெள்ளிக்கிழமை மாஸ்டர் நாலாவது மாடியில் கதவைத் திறந்தார். ஒரே அறை. தையல் மெஷினை மூலைக்குத் தள்ளிவிட்டு, ஜன்னலோரத்தில் கட்டில் போட்டிருந்தது. புது விரிப்பு. பந்தயத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அவர் யோசிப்பதற்குள் கீழே ஒரு வண்டி வந்து நின்றது.

கொஞ்ச நேரத்தில் படியில் மூச்சுச் சத்தம் கேட்டது. மாஸ்டர் கைப்பிடிச் சுவர்மேல் குனிந்து கத்தினார். "குதிகால்! குதிகாலை ஊனுய்யா!"

மூன்றாவது மாடியில் காலடிச் சத்தம் நின்றுபோனது. பிறகு ஒரு அடி. இன்னொரு அடி. வியர்வையில் நனைந்த தலை திருப்பத்தில் தெரிந்தது. முதுகுச் சுமையைப் போர்வை மூடியிருந்தது. கத்திரியின் கைகள் இரண்டும் அதை இறுக்கிப் பிடித்திருந்தன.

"ஜெயிச்சுட்டேய்யா! இறக்கி வை!"

கத்திரி இறக்கவில்லை. நேரே உள்ளே போய், கட்டிலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, மெல்ல மெல்ல உட்கார்ந்தார். போர்வை விலகியது.

"ஆஸ்பத்திரியில வாராவாரம் என்னை நிறுத்துப் பாத்து, நாப்பத்தாறு கிலோ வந்தப்புறம்தான் வீட்டுக்குப் போகலாம்னாங்க" என்றாள் கத்திரியின் மனைவி, கணவரின் நெற்றியைப் போர்வை நுனியால் துடைத்தபடி. "அன்னைக்கு அந்தச் சாக்லேட்டை நீங்க மாத்திக் கொடுக்கலைன்னா, மாஸ்டர், நான் இன்னும் அங்கேதான் கிடந்திருப்பேன்."