அரைவாசிக்குக் கேள்!

"'வடிவான நண்டு' எண்டு மட்டும் வாய் திறந்து சொல்லிப்போடாதை. சொன்னியோ, விலை ரெண்டு மடங்கு!"

குருநகர் மீன் சந்தை வாசலில் காரை நிறுத்திவிட்டு, வாகீசன் மனைவிக்குக் கடைசிப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தான்.

மாரிட் தலையாட்டினாள். அவள் நோர்வேக்காரி. ஒஸ்லோவில் மாமியாரோடு இருந்து பழகிய தமிழ். கேட்டால் முழுக்க விளங்கும், கதைத்தால் முக்கால்வாசி சரியாக வரும்.

"வெள்ளைத் தோலைக் கண்டால் உவையள் உரிச்சுப் போடுவினம். முகத்தை உம்மெண்டு வைச்சிரு. சொல்லுற விலையிலை அரைவாசிக்குக் கேள். தரேல்லையோ, திரும்பி நட. கூப்பிடுவினம்."

"ஒஸ்லோவிலை ஒரு கோப்பிக்கு நீ எவ்வளவு காசு குடுக்கிறாய். அங்கை ஒண்டும் கேக்கிறேல்லையே?"

"அங்கை விலை எழுதிக் கிடக்கு. அது வேறை!"

ஆறு மாதம் இருந்து பார்ப்போம் என்று ஊருக்கு வந்து அரியாலையில் வீடு எடுத்திருக்கிறார்கள். வந்த நாளில் இருந்து பேர்ஸ் வாகீசனின் கக்கத்தில்தான். தக்காளி வாங்கவும் அவன், தேங்காய் வாங்கவும் அவன். தனியே சந்தைக்குப் போகவேண்டும், நாலு சனத்தோடு கதைத்துத் திரியவேண்டும் என்று மாரிட்டுக்குக் கொள்ளை ஆசை. கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள். ஒருவழியாக நேற்று மனம் இரங்கி அவன் ஒரு சோதனை வைத்தான்.

"ஒரு கிலோ நண்டு. விலையைக் குறைச்சு வாங்கிக் காட்டு. பேர்ஸைத் தாறன். இல்லாட்டி ஆறு மாதமும் நான்தான் சந்தைக்கு."

ஐயாயிரம் ரூபாய்த் தாளோடு மாரிட் உள்ளே போனாள். வாகீசன் தூண் மறைவில் நின்று பார்த்தான்.

நண்டு விற்கும் லூர்த்தம்மாவின் கூடையைக் கண்டதும் மாரிட்டுக்குப் படித்த பாடமெல்லாம் பறந்துவிட்டது. முகமெல்லாம் பல். குனிந்து பார்க்கிறாள், கை கொட்டுகிறாள். லூர்த்தம்மா ஏதோ விலை சொல்ல, இவள் மறுபேச்சில்லாமல் தாளை நீட்டிவிட்டாள். பத்தாததற்குக் கையெடுத்துக் கும்பிட்டு நன்றி வேறு!

மாரிட் நண்டுப் பையோடு திரும்பி வந்ததும் வாகீசன் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"கேட்ட காசை அப்பிடியே குடுத்திட்டியே! ஒரு சொல்லு குறைச்சுக் கேட்டியே?"

"இல்லை. ஆனால் அவ..."

"ஒண்டும் சொல்லாதை! எவ்வளவெண்டு கேட்டால் எனக்குப் பிறஷர் ஏறும். இதிலை நிண்டு பார், எப்பிடி வாங்கிறதெண்டு."

நேரே லூர்த்தம்மாவிடம் போனான். நண்டைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"கிலோ எவ்வளவணை?"

"ரெண்டாயிரத்து நானூறு, தம்பி."

"நண்டுக்கோ விலை சொல்லுறியள், வள்ளத்துக்கோ? ஆயிரத்து இருநூறு!"

"மாதாவே! உந்த விலைக்குக் கோதுகூட வராது. வள்ளத்துக்கு அடிக்கிற எண்ணெய் விக்கிற விலை தெரியுமே?"

வாகீசன் திரும்பி நடந்தான். கூப்பிடுவாள் என்று பார்த்தான். கூப்பிடவில்லை. செருப்பில் ஏதோ குத்தியதுபோலக் குனிந்து நின்றான். அதற்கும் அசைவில்லை. பெண்சாதி பார்த்துக்கொண்டு நிற்கிறாளே, மானம் போகிறதே என்று மெல்லப் பின்னுக்கு வந்தான்.

"சரி, ஆயிரத்து ஐந்நூறு. நானும் வெளியாள் இல்லையணை, அளவெட்டிதான்!"

"அளவெட்டியெண்டால் நண்டு சும்மா வருமே ராசா? கட்டாது."

அவன் கத்தினான். அவளும் விட்டுக்கொடுக்கிற ஆளில்லை. மூத்தவனின் அறுந்த வலை, இளையவளின் ரியூசன் காசு எல்லாம் நடுவில் வந்து போயின. பக்கத்துக் கூடைக்காரிகள் வியாபாரத்தை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் ஆயிரத்துத் தொளாயிரத்தில் நண்டு பைக்குள் விழுந்தது.

தேர் இழுத்து முடித்தவன்போல வேர்த்து விறுவிறுத்து வந்தான் வாகீசன்.

"பாத்தியே? ஐந்நூறு ரூபா விழுத்திப்போட்டன்! இப்ப சொல்லு, நீ எவ்வளவு குடுத்தனி?"

மாரிட் மிச்சக் காசை விரித்துக் காட்டினாள்.

"ஆயிரத்து அறுநூறு."

வாகீசன் காசை வாங்கி எண்ணிப் பார்த்தான். இரண்டு பைகளையும் தூக்கிப் பார்த்தான். அதே கூடை, அதே நண்டு, அதே ஒரு கிலோ. ஒரே பாய்ச்சலில் லூர்த்தம்மாவின் முன்னால் போய் நின்றான். மாரிட்டும் பின்னால் ஓடிவந்தாள்.

"என்னணை இது அநியாயம்! எங்கடை ஊர் ஆளுக்கு ஒரு விலை, வெள்ளைக்காரிக்கு ஒரு விலையோ? அவள் குறைக்கச் சொல்லி ஒரு சொல்லுக் கேக்கேல்லை. நான் தொண்டைத் தண்ணி வத்தக் கத்தினனான்!"

"ஓ, உது உங்கடை மனிசியே?"

லூர்த்தம்மா மாரிட்டைப் பார்த்துச் சிரித்தாள். மாரிட்டும் சிரித்தாள். சிரித்த கையோடு, புருஷனின் கக்கத்தில் இருந்த பேர்ஸை மெல்ல உருவித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். அவன் அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை.

"கோவியாதையுங்கோ தம்பி," என்றாள் லூர்த்தம்மா. "நீங்கள் கூரையைப் பாத்து விலை கேட்டவுடனையே எனக்குத் தெரியும், அரைவாசிக்குக் கேக்கிற ஆளெண்டு. அதுதான் ஏத்திச் சொன்னனான். இன்னும் கொஞ்சம் நிண்டு பிடிச்சிருந்தால் அந்த ஆயிரத்து அறுநூறுக்கு நானும் இறங்கியிருப்பன்."

"அப்ப அவளுக்கு?"

"உங்களுக்குக் கூட்டிச் சொன்னால் நீங்கள் குறைப்பியள். குறைக்கத் தெரியாத அந்தப் பிள்ளைக்குக் கூட்டிச் சொன்னால், அதைப் பிறகு ஆர் தம்பி குறைக்கிறது?"