காசு கொடுத்தவன் வெளியே

காசு கொடுத்து வாங்கிய கார் பந்தய கேம், "இது திருட்டுக் காப்பி இல்லை என்று நிரூபி" என்று காலையிலிருந்து என்னைப் பத்தாயிரம் தடவையாவது கேட்டுவிட்டது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மச்சினனோடு ஆன்லைனில் போட்டி. தோற்றவன் மீசையை எடுக்க வேண்டும், வராதவனும் தோற்றவன்தான். என் மீசையோ, நான் திரும்பி அரை நிமிஷம் கழித்துத்தான் முழுசாகத் திரும்பும், அவ்வளவு நீளம்!

மச்சினன் போனில் இளித்தான். "என்ன மாமா, பிளேடு வாங்கி அனுப்பட்டுமா?"

"உனக்கு மட்டும் எப்படிடா திறந்துச்சு?"

"என்னுது திருட்டுக் காப்பி மாமா. அந்தக் கேள்வி கேக்கற பூட்டை எவனோ உடைச்சுப் போட்டிருக்கான். சும்மா பறக்குது!"

கேம் கம்பெனிக்குப் போன் போட்டேன். பில்லை அனுப்பச் சொன்னார்கள். பத்து நாளில் பரிசீலிப்பார்களாம்.

மணி ஐந்து தாண்டியது. பாத்ரூம் கண்ணாடி முன் நின்று மூக்குக்குக் கீழே நுரையைப் பூசினேன்.

கதவருகே நின்ற மனைவிக்குப் பொறுக்கவில்லை. "காசு கொடுத்தவனை வெளியே நிறுத்திட்டு, திருடனை உள்ளே விடுதே! இந்தப் பூட்டைச் செஞ்சவன் கையில கிடைச்சா, அவன் மீசையையும் எடுக்கணும்!"

"அவன் மீசையைத்தான் எடுத்துக்கிட்டிருக்கேன்" என்றேன். "ரிட்டயர் ஆகறதுக்கு முன்னாடி ஆபீஸ்ல நான் கடைசியா செஞ்சது இந்தப் பூட்டுதான்."