வண்டி ஓட்டாதவருக்கு

“ஏனுங்க, இதை வண்டி ஓட்டறவங்களுக்கு மட்டும் குடுத்துப்போடாதீங்க” என்றார் நஞ்சப்பன். மேசைமேல் வைத்த செல்போனிலிருந்து அவர் இன்னும் கையை எடுக்கவில்லை.

ஜபருல்லா நிமிர்ந்து பார்த்தார். கோட்டைமேட்டில் டெலிபோன் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர். பழைய செல்போன், பேஜர்களைச் சேகரிக்கப் பீளமேடு குடியிருப்போர் சங்கம் நடத்தும் ஞாயிற்றுக்கிழமை முகாமுக்குக் கூலி வாங்காமல் வந்திருந்தார். உயிருள்ள போனைச் சரிசெய்ய வேண்டும். செத்துப்போனதைப் பிரித்து, பேட்டரி குப்பைக்குப் போகாமல் தனி டப்பாவில் போட வேண்டும்.

“வாங்கறதே ஆம்புலன்ஸ் டிரைவருங்களுக்குத்தானுங்களே” என்றாள் சங்கச் செயலாளர் செவ்வந்தி. “வாசல்ல போர்டே எழுதி வெச்சிருக்கோம்.”

“படிச்சேனுங்க. அதனாலதான் ரெண்டு வாரமா கேட் வரைக்கும் வந்துபோட்டுத் திரும்பிப் போனேன். ஆனா ஊட்டுலயும் வெச்சிருக்க முடியலீங்க.”

கை விலகியது. ஜபருல்லா போனை எடுத்துப் புரட்டினார். செங்கல்லாகக் கனத்தது. ஒரு மூலை நொறுங்கி, உடைந்த இடத்தில் மண் அப்பியிருந்தது.

“கீழ விழுந்துச்சுங்களா?”

“ஆமாங்க. அவிநாசி ரோட்டுல.”

“அதான் வேற வாங்கிட்டீங்களாக்கும்?”

“என்னோடது இங்க இருக்குதுங்க” என்று நஞ்சப்பன் சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினார்.

ஜபருல்லா சார்ஜரைச் செருகினார். திரையில் பச்சை வெளிச்சம் பரவியது.

“அட, உயிரோடதான் இருக்குது. சிம்மைக்கூடக் கழட்டல. கனெக்‌ஷனும் ஓடுது. சும்மா கெடக்கறதுக்கு மாசாமாசம் பில் கட்டறீங்களா?”

“கட்டறேனுங்க. நிறுத்தச் சொல்லி எழுதிக் குடுக்கக் கை வரலீங்க.”

ஜபருல்லா பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். எடுக்காத அழைப்புகளின் பட்டியல் வந்தது. அவருக்குச் சிரிப்பு பொங்கியது.

“ஒரே நம்பர்ல இருந்து ஏழு தடவை. அதுவும் கால் மணி நேரத்துக்குள்ள. ஊட்டுக்காரம்மாங்களா? எடுத்தாக் காசு போயிருமேன்னு விட்டுட்டீங்களாக்கும்?”

அது தொண்ணூற்றொன்பதாம் வருஷம். கூப்பிடுகிறவருக்கும் காசு, எடுக்கிறவருக்கும் காசு. மணி அடித்தால் திரையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துகொள்வது ஊரில் எல்லோருக்கும் பழகிப்போன தந்திரம்தான்.

நஞ்சப்பன் சிரிக்கவில்லை. “எடுக்காம இருந்ததே நல்லதுங்க” என்றார்.

செவ்வந்தி எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். ஜபருல்லாவுக்கும் முகம் சுண்டிப்போனது. என்ன அவசரமோ, ஏழு தடவை கூப்பிட்டிருக்கிறாள் ஒருத்தி. அவளைப் பற்றி இப்படியா பேசுவார் மனுஷன்? இவர் கையில் இருந்ததற்கு இந்தப் போன் வேறு யாரிடமாவது இருந்திருக்கலாம்.

“அவிநாசிப் பக்கம் பிரசவம் பார்க்கிற நர்ஸம்மா ஒருத்தங்க கேட்டிருந்தாங்க, பழனியாத்தாள்னு” என்று செவ்வந்தி பேச்சை மாற்றினாள். “அவங்களுக்குக் குடுக்கலாமுங்களா?”

“வண்டி ஓட்டுவாங்களா?”

“சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதுங்க. எங்க போனாலும் நடைதான்.”

“அப்ப அவங்களுக்கே குடுத்துருங்க அம்மணி.” அதுவரை நின்றுகொண்டே இருந்த நஞ்சப்பன் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“குடுக்கறதுக்கு முன்னால பேச்சு கேக்குதான்னு பார்த்துப்போடலாம்” என்றார் ஜபருல்லா. திரையில் அந்த எண்தான் நின்றுகொண்டிருந்தது. “இவங்களுக்கே போடறேனுங்க. எடுத்தாங்கன்னா ஒரு வார்த்தை சமாதானமாப் பேசுங்க. ஏழு தடவை கூப்பிட்டவங்க பாவம்.”

“வேண்டாமுங்க...”

அதற்குள் ஜபருல்லா பொத்தானை அழுத்திவிட்டார்.

மணி அடித்தது, நஞ்சப்பனின் சட்டைப்பையில்.

ஜபருல்லாவின் விரல் பொத்தான்மேல் அப்படியே நின்றது. நஞ்சப்பன் பையிலிருந்ததை எடுக்கவில்லை. அது அடித்து ஓயும்வரை இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“அதுல எடுக்காதது மட்டுந்தானுங்க இருக்கும்” என்றார் பிறகு. “வாரப்போ தேங்காய் வாங்கியாரச் சொல்லத்தான் கூப்பிட்டேன். எட்டாவது தடவை எம் பையன் எடுத்துப்போட்டான், பைக்கை நிறுத்தாமயே.”